பாதியில் நின்றவர் கையில் என்ன மிஞ்சுகிறது?

சற்று நீண்ட பதிவு. புதிய கல்வியாண்டின் தொடக்கத்தில் பல பல்கலைக்கழகங்கள் ஆங்கில இணைப்பு வகுப்புகளுக்கான பட்டியல்களை ஆயத்தம் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் திட்டமிடும் ஆசிரியர்களும், அவற்றில் சேரவிருக்கும் மாணவர்களும் பொறுமையுடன் வாசித்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு தில்லியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர்பட்ட ஆய்வாளனாகச் சேர்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். இளங்கலையும் முதுகலையும் பெயரளவில் ஆங்கிலவழி. வகுப்பில் விளக்கம் தமிழில் நடக்கும். தேர்வில் மனப்பாடம் ஆங்கிலத்தில் இறங்கும். நம்மில் பலருக்கு இது புதிய செய்தியன்று.

சேர்ந்த இரண்டாம் வாரத்தில் ஆங்கிலத் தகுதியறியும் தேர்வு ஒன்று நடைபெற்றது. ஐம்பது வினாக்கள். கோடிட்ட இடத்தில் 'எ', 'ஆன்', 'தி' ஆகியவற்றுள் எது பொருந்தும். எந்த முன்னிடைச்சொல் சரி. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக. மூன்றாம் நாள் துறை வாயிலிலிருந்த அறிவிப்புப் பலகையில் மூன்று பட்டியல்கள் ஒட்டப்பட்டன: பேசிக், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு. பெயர், துறை, பெற்ற மதிப்பெண் யாவும் அதில் இருந்தன. என் பெயர் முதற்பட்டியலில் இருந்தது. தேநீர்க் கடைக்குப் போகும் ஒவ்வொருவரும் அந்தப் பலகையைக் கடந்துதான் போக வேண்டும்.

அதே பட்டியலில் என் விடுதி அறைத்தோழரும் இருந்தார். பீகாரின் தர்பங்கா பக்கத்துக்காரர். வீட்டில் மைதிலி, பள்ளியிலும் கல்லூரியிலும் இந்தி. வரலாற்றுத் துறை. இந்தியில் வெளிவந்த வரலாற்று நூல்களை வரிவரியாகக் கற்றவர். இடைக்கால நிலவருவாய் முறை பற்றி ஒரு மணிநேரம் தடையின்றி வாதிடுவார். அவருக்கும் எனக்கும் முதல் வகுப்பில் தரப்பட்ட பணி, 'எனது அன்றாட வாழ்க்கை' என்னும் தலைப்பில் பத்து வாக்கியங்கள் எழுதுவது. எத்தனை மணிக்கு எழுகிறேன், எப்போது பல் துலக்குகிறேன் என்று எழுதினோம். அப்போது எங்கள் இருவருக்கும் ஆறு வாரத்துக்குள் ஆய்வுத்திட்டம் எழுதி நெறியாளரிடம் தரவேண்டியிருந்தது.

மூன்றாம் மாதம் அவர் வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஆண்டிறுதியில் பல்கலைக்கழகத்தையே விட்டுச் சென்றார். ஆங்கிலம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். வீட்டுச் சூழலும் நெருக்கியது. ஆயினும் ஒரு வினா அன்றுமுதல் என்னை விடவில்லை. மூன்று மாதம், வாரத்துக்கு மூன்று மாலை, அவர் அந்த வகுப்பில் அமர்ந்திருந்தார். அங்கிருந்து எதைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்?

பின்னாளில் மொழிக்கல்வி வரலாற்றை வாசித்தபோது இவ்வினாவை ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டிருப்பதைக் கண்டேன். மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், இந்தியக் கல்விப் பணியைச் சேர்ந்தவராக டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்காளத்துப் பள்ளிகளை ஆராய்ந்து 1926இல் இருமொழியம் பற்றி நூலொன்று வெளியிட்டார். பாடத்திட்டம் இறுதிவரை படிக்கும் மாணவனை மனத்திற்கொண்டு வகுக்கப்படுகிறது. மாணவர்களோ பெருமளவில் இடையிலேயே நின்றுவிடுகின்றனர். நின்றவனுக்கு அரைகுறைப் படிப்பால் விளைந்த பயன் என்ன என்பதே அவர் எழுப்பிய சிக்கல். அப்பயனுக்கு அவர் இட்ட பெயரைக் காப்பீட்டுத் துறையிலிருந்து எடுத்தார்: சரண்டர் மதிப்பு. ஆயுள் காப்பீட்டுப் பாலிசியைக் காலம் முடியும் முன்னரே முறித்துக்கொண்டால் நம் கைக்கு வருகிறதே, அந்தத் தொகை. தொடக்கத்திலேயே தவணையை நிறுத்திவிட்டவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தேறாது என்பது நம் வீடுகளில் பலரும் பட்டறிந்த செய்தி.

வெஸ்ட் காலனிய அதிகார அமைப்புக்குள் நின்று பேசியவர். அவர் கண்ட தீர்வுகள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. அவர் பேசியது சிறுவர்களைப் பற்றி. எனினும் வயது வந்தோருக்கான வகுப்புகளைச் சோதிப்பதற்கு இதனினும் கூர்மையான உரைகல்லை நான் இன்றுவரை கண்டதில்லை. பள்ளிச் சிறுவன் அடுத்த ஆண்டும் பள்ளியில் இருப்பான் என்று ஓரளவேனும் நம்பலாம். வயது வந்தவர் அப்படியல்லர். கள ஆய்வுக்குப் போவார், உதவித்தொகை நின்றுபோகும், திருமணமாகும், குழந்தை பிறக்கும், ஊரில் தந்தை நோயுறுவார், தகுதித்தேர்வு வரும். வயது வந்தோர் வகுப்பில் இடைநிற்றல் ஒரு விபத்தன்று, அதுவே இயல்பு. ஆகவே இறுதிவரை வருபவரை மட்டும் எண்ணிக் கட்டப்படும் எந்தப் பாடத்திட்டமும் பெரும்பான்மையோரை ஏமாற்றுகிறது.

நம் பல்கலைக்கழகங்களில் நிலை என்பது ஓர் ஏணியாகவே கருதப்படுகிறது. கீழ்ப்படியில் இலக்கண அடிப்படை, நடுப்படியில் பத்தி எழுதுதல், மேற்படியில்தான் ஆய்வுக் கட்டுரை. மேற்படியை எட்டியவருக்கே ஆய்வாளர் என்ற முறையில் தேவையான பொருள் வழங்கப்படுகிறது. கீழ்ப்படியில் நிற்பவருக்கு, எதிர்காலத்தில் என்றோ பயன்படலாம் என்னும் வாக்குறுதி மட்டும் கிடைக்கிறது. கொடுமை என்னவென்றால், ஆங்கிலம் மிகுதியாகத் தேவைப்படுபவர் கீழ்ப்படிக்காரர். விரைவில் விட்டுப்போகக் கூடியவரும் அவரே.

இந்த ஏணிக்கு உலகத்தரம் என்னும் முத்திரையும் குத்தப்படுகிறது. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளைக் கூறும் ஐரோப்பிய மொழிச் சட்டகம் 2001இல் ஐரோப்பிய மன்றத்தால் வெளியிடப்பட்டது. இன்று தனியார் பயிற்சி நிலையங்கள் முதல் பல்கலைக்கழகங்கள்வரை அனைவரும் அதன் எழுத்துகளைக் கடன் வாங்கியுள்ளனர். ஆனால் அச்சட்டகத்தை உள்ளபடி வாசித்தால், அது ஒருவருக்கு ஒரே எழுத்தை ஒட்டச் சொல்லவில்லை என்பது விளங்கும். கேட்டல், வாசித்தல், உரையாடல், எழுதுதல் என ஒவ்வொன்றிலும் இவர் எதைச் செய்ய வல்லவர் என்று தனித்தனியே கேட்கிறது. வாசிப்பில் பி2 ஆக இருப்பவர் பேச்சில் ஏ2 ஆக இருக்கலாம் என்பதை இயல்பான நிலைமையாகவே அது எடுத்துக்கொள்கிறது. 2020இல் இறுதிவடிவம் பெற்ற துணைத் தொகுதி இன்னும் ஒருபடி மேலே சென்று, தாய்மொழியாளரை அளவுகோலாகக் காட்டிய சொற்களைத் திறன் விவரணைகளிலிருந்து நீக்கியது. ஒரு மொழியில் படித்ததை இன்னொரு மொழியில் எடுத்துரைக்கும் இடைநிலைத் திறனுக்கு விரிவான இடம் அளித்தது. நாம் அந்தச் சட்டகத்திலிருந்து எழுத்துகளை எடுத்துக்கொண்டு, அதன் சிந்தனையை விட்டுவிட்டோம்.

இந்திய ஆய்வாளரின் ஆங்கிலம் மேடுபள்ளமானது. என் அறைத்தோழர் அகராதியின் துணையுடன் கடினமான வரலாற்றுக் கட்டுரையைப் படித்து அதன் வாதத்தை இந்தியில் பிழையின்றிச் சொல்வார். அதே நாளில் நெறியாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுத ஒரு மணிநேரம் தவிப்பார். மாறாக, நகரத்துப் பள்ளியில் படித்து, கேன்டீனில் சரளமாக ஆங்கிலம் பேசும் மாணவர் ஒருவர், கட்டுரையாசிரியர் தம் கருத்தைச் சொல்கிறாரா, எதிராளியின் கருத்தை எடுத்துரைக்கிறாரா என்று பிரித்தறிய முடியாமல் தடுமாறுவதையும் கண்டிருக்கிறேன். இவ்விருவருள் யார் பேசிக், யார் அட்வான்ஸ்டு?

ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த வேறுபாடு இங்கே துணைசெய்யும். அன்றாட உரையாடலுக்கான மொழித்திறன் வேறு, கல்விப்புலத்துக்கான மொழித்திறன் வேறு என்றார் அவர். கனடாவில் குடியேறிய குழந்தைகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் உரையாடப் பழகிவிடுகின்றனர். கல்விமொழியில் உடன்பயில்வோரை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்பது அவர் கண்டறிந்தது. ஆங்கிலம் சூழ்ந்த நாட்டில் குழந்தைகளுக்கே அவ்வளவு காலம் எனில், ஓர் அரையாண்டு இணைப்பு வகுப்பு முப்பது வயது ஆய்வாளரை 'மேம்படுத்தி' அனுப்பிவிடும் என எதிர்பார்ப்பது நியாயமா? இயலாத இலக்கை நிறுவனம் வைத்துவிட்டு, எட்டாதபோது பழியை மாணவர்மீது போடுகிறது.

இனி, நாங்கள் செய்துபார்த்ததைச் சொல்கிறேன். கடந்த மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் விடுதியின் பொது அறையில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் வருவார்கள். இந்தி, ஒடியா, மணிப்புரி, சந்தாலி, தமிழ் எனப் பல தாய்மொழியினர். தகுதித்தேர்வு கிடையாது. வருகிறவர் தம் ஆய்வுக்காகத் தாம் படித்தே ஆகவேண்டிய ஒரு கட்டுரையுடன் வரவேண்டும்; அதுதான் நுழைவுச்சீட்டு.

ஒரு மாலை நடந்ததை விவரிப்பது போதும். ஒரு கட்டுரையின் முதல் இரண்டு பக்கங்களை அனைவரும் எடுத்துக்கொண்டோம். பிறர் கருத்தை எடுத்துச்சொல்லும் வினைகளை அடிக்கோடிடுவது பணி. 'ஆர்க்யூஸ்', 'சஜெஸ்ட்ஸ்', 'கிளெய்ம்ஸ்', 'டெமான்ஸ்ட்ரேட்ஸ்' என்று வந்தன. அவற்றுள் எதில் கட்டுரையாசிரியர் உடன்படுகிறார், எதில் விலகி நிற்கிறார் என்று கேட்டோம். அப்போது ஒருவர் தம் வரைவை எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். எல்லா அறிஞர்களும் அதில் 'பிலீவ்ஸ்' செய்துகொண்டிருந்தார்கள். இந்தி ஆய்வுநடையில் 'மான்னா ஹை' என்பது இயல்பான தொடர். அதை அப்படியே பெயர்த்ததனால் ஃபூக்கோவும் அம்பேத்கரும் சான்றின்றி நம்புகிறவர்களாகிவிட்டனர். என் பழைய வரைவுகளில் எல்லாரும் 'சேஸ்' தான். தமிழின் 'கூறுகிறார்' அங்கே குடியேறியிருந்தது. முன்னோர் கருத்தை இன்னார் கூற்று எனப் பிரித்துச் சுட்டும் மரபு நம் பழைய இலக்கண நூல்களிலேயே உண்டு என்று நான் சொல்ல, சந்தாலி நண்பர் தம் மொழியில் கேட்டறிந்ததையும் கண்டறிந்ததையும் எவ்வாறு வேறுபடுத்திச் சொல்வார் என்று விளக்கினார். ஒன்றரை மணிநேரம் போனது தெரியவில்லை.

அந்த மாலையில் கற்றவை எட்டு வினைகள். ஆனால் வகுப்பிலிருந்து அன்றோடு நின்றுவிட்டவர்கூடத் தம் வரைவின் நான்கு பக்கங்களைத் திருத்திக்கொண்டு போயிருப்பார். சரண்டர் மதிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். சொல்வளத்துக்கும் இதே வழி பொருந்தும். அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விச்சொல் பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. கல்விசார் நூல்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு சொல் இவற்றிலிருந்தே வருகிறது. கதை நூல்களில் இவை அரிது. நாளுக்கு ஐந்து என்று வைத்தாலும் நான்கு மாதத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். தேநீர்க் கடை உரையாடலை நடித்துப் பழகும் நேரத்தில் இதைச் செய்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

எதிர்வாதங்களையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

முதலாவது, பல நிலையினரை ஒரே வகுப்பில் அமர்த்தினால் ஆசிரியர் என்ன செய்வார்? நியாயமான கவலை. நாற்பது பேர் வகுப்பில் வாசிப்பு வட்டம் நடத்த இயலாது. எனினும் பாடத்தை வேறுபடுத்துவதைவிடப் பணியை வேறுபடுத்துவது எளிது. பனுவல் ஒன்று, ஒருவர் முக்கிய வாக்கியத்தைத் தேடுவார், இன்னொருவர் சுருக்கம் எழுதுவார், மற்றொருவர் மறுப்பு எழுதுவார். 1979 முதல் 1984 வரை என்.எஸ்.பிரபு தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர் திட்டம் இவ்வழிக்கு நம் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி. இலக்கண வரிசையை ஒதுக்கிவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துச் சிந்திக்கும் பணிகளை மாணவர்க்குத் தந்தார். மொழி, பணியின் ஊடாக வளரும் என்பது அவர் துணிபு. உலகெங்கும் பணிவழிக் கற்பித்தல் பற்றிப் பேசுவோர் அவரை மேற்கோள் காட்டுகின்றனர். நம் இணைப்பு வகுப்புகளில் அவர் பெயரைக் கேட்பது அரிது.

இரண்டாவது, இலக்கணம் வேண்டாமா? வேண்டும். கருதுகோளில் ஒரு எதிர்மறைச் சொல் இடம்மாறினால் ஆய்வே தலைகீழாகும். ஆனால் தன் வாக்கியத்தைத் தானே திருத்தும் வேளையில் கற்ற இலக்கணம் நிலைக்கும். செவிலியர் எழுதும் ஓஇடி தேர்வை எண்ணிப்பாருங்கள். அங்கே எழுத்துத் தேர்வு என்பது பெரும்பாலும் நோயாளியை மற்றொருவரிடம் அனுப்பும் கடிதம். நான்கு திறனுக்கும் தனித்தனித் தரம். அதற்குப் பயிற்சி தரும் கேரளத்து மையங்கள் அந்தக் கடிதத்திலிருந்துதான் தொடங்கியாக வேண்டும். செவிலியருக்குக் கிடைக்கும் இந்த மதிப்பு ஆய்வாளருக்கு ஏன் கிடைக்கவில்லை?

மூன்றாவது எதிர்வாதம் எனக்கு மிக நெருக்கமானது. ஆங்கிலமே எதற்கு, தாய்மொழியில் ஆய்வு செய்யட்டுமே? முழுமனத்துடன் உடன்படுகிறேன். ஆங்கிலவழிப் பாடங்களிலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத அனுமதிக்குமாறு 2023இல் பல்கலைக்கழக மானியக் குழு கேட்டுக்கொண்டது வரவேற்கத்தக்கது. ஆயினும் நூலகம் இன்னும் மாறவில்லை. 1964-66 கோத்தாரி ஆணையம் ஆங்கிலத்தை 'நூலக மொழி' என்று வகைப்படுத்தியது. அந்த நூலகத்தின் திறவுகோலைக் கையில் தராமல் தாய்மொழியில் எழுது என்பது, வசதியானவர் பிள்ளைகளுக்கு இரு மொழியையும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒன்றையும் வழங்குவதாகிவிடும். 2010இல் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்துப் பாங்கா என்னும் சிற்றூரில் தலித் மக்கள் ஆங்கிலத்தைத் தேவியாக்கிக் கோயில் எழுப்ப முனைந்தனர். எழுதுகோலும் அரசமைப்புச் சட்டமும் ஏந்திக் கணினிமேல் நிற்கும் அந்தச் சிலையைக் கேலிசெய்தோர் உண்டு. என்னால் கேலிசெய்ய இயலாது. யாருக்கு எது மறுக்கப்பட்டதோ, அதை அவரே விலைமதிக்கிறார்.

எனவே பல்கலைக்கழகங்களின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, நிலைப்பட்டியலைப் பலகையில் ஒட்டாதீர்கள். வயது வந்தவரின் கல்வியில் அவமானம் மிக விலையுயர்ந்த கட்டணம். அதைச் செலுத்த மறுப்பவரே முதலில் வெளியேறுகிறார்.

இரண்டு, ஐம்பது வினாத் தேர்வுக்கு மாற்றாக ஒரு மணிநேர நேர்காணலும் ஒரு வாசிப்புப் பணியும் வையுங்கள். நான்கு திறனுக்கும் தனித்தனியே குறிப்பு எழுதுங்கள். அதை மாணவரிடம் மட்டும் தாருங்கள்.

மூன்று, பாடத்தை ஆறுவாரக் கூறுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கூறின் முடிவிலும் மாணவர் கையில் முடிந்த ஒரு பொருள் இருக்கட்டும்: நெறியாளருக்கு ஒரு மின்னஞ்சல், ஒரு கட்டுரையின் ஒருபக்க மதிப்புரை, 250 சொற்களில் ஆய்வுச் சுருக்கம், கருத்தரங்கில் ஐந்து நிமிட உரை. தொடக்க நிலையினருக்கும் இவையே. அளவும் துணையும் மட்டும் மாறும்.

நான்கு, வகுப்பில் தாய்மொழிகளை அனுமதியுங்கள். முதல் வரைவைத் தாய்மொழியில் எழுதியவர் எதைச் சொல்ல வருகிறார் என்பதை அறிந்தவராகிறார்.

ஐந்து, இவ்வகுப்புகளுக்கு நிலையான ஆசிரியர்களை அமர்த்துங்கள். மணிக்கணக்கில் ஊதியம் பெற்று அடுத்த பருவத்தில் இருப்பாரா என்று தமக்கே தெரியாத விருந்தினர் ஆசிரியரிடம், மாணவரின் நெடுங்கால வளர்ச்சியை ஒப்படைப்பது இருவருக்கும் இழைக்கும் அநீதி. எனக்குப் பேசிக் வகுப்பெடுத்தவரும் அப்படிப்பட்ட ஒருவர்தான். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. அவருக்குத் தரப்பட்ட பாடநூலைத்தான் அவர் நடத்தினார்.

என் அறைத்தோழர் இன்று சொந்த மாவட்டத்தில் போட்டித்தேர்வு மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கிறார். அவ்வப்போது பேசுவோம். அவர் எழுதவிருந்த ஆய்வின் தலைப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதை இதுவரை வேறு யாரும் எழுதியதாக நான் காணவில்லை. அவரது இழப்பை மட்டும் எண்ணி இதை எழுதவில்லை. அந்த ஆய்வைப் படித்திருக்க வேண்டிய நாமும் இழந்திருக்கிறோம்.

உங்கள் நிறுவனத்தில் இணைப்பு வகுப்புகள் எவ்வாறு நடக்கின்றன? இடையில் நின்றவர்கள் எதைக் கொண்டுபோனார்கள்? அத்தகைய வகுப்பில் இருந்தவர்களும் நடத்தியவர்களும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். முடிந்தவர்களின் மதிப்பெண் நம்மிடம் நிறையவே இருக்கிறது. நின்றவர்களின் அனுபவம்தான் தேவை.